நூலளவு தண்ணீர்

டிரெய்லர் வீட்டுக்கு அடியிலிருந்து வெண்டலின் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் உள்ளே பனிக்கட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கீங்களா?" படியில் நின்றபடி லோர்னா கேட்டாள்.

"ஹேர் டிரையர் வயரைக் கொஞ்சம் தளர்த்தி விடு. உயிரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

மைனஸ் இருபது. வடக்கு டக்கோட்டாவில் ஜனவரி மாதம் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை. ஆனால் லோர்னாவின் குழாய் ஒரே மாதத்தில் மூன்றாவது முறை உறைந்திருந்தது. காலையில் அவள் போன் செய்ததும், எண்ணெய்க் கிணற்றில் மீதி ஷிப்டை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு வெண்டல் ஓடி வந்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் பனியில் மல்லாந்து கிடக்க முதுகு சம்மதிக்காதுதான். அவர் முதுகைக் கேட்கவில்லை.

"இன்னைக்கும் தண்ணி வரலன்னா நான் தெற்கே போயிடுவேன், சொல்லிட்டேன்," என்றாள் லோர்னா. "பெட்டியெல்லாம் கட்டியாச்சு. பனியை அள்ளிட்டு வந்து உருக்கிப் பாத்திரம் கழுவறேன். ஒரு மனுஷி பண்ற வேலையா இது?"

வெண்டலின் கை ஒரு கணம் நின்றது. லோர்னா சொன்னால் செய்கிறவள். அவள் போய்விட்டால் இந்த ஊரில் இந்தக் காற்றைத் தின்றுகொண்டு கிடக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. வாயில் வந்தது வேறு.

"தெற்கே கரப்பான்பூச்சி உன் செருப்பு சைஸ்ல இருக்கும். பரவாயில்லையா?"

"கரப்பான்பூச்சி வந்து குழாயை அடைக்காது."

மீசையில் ஐஸ் தொங்க அவர் வெளியே தவழ்ந்து வந்தார். "குழாய்ல சுத்தின மின்பட்டை நல்லாத்தான் சூடாகுது. சுத்தி அடுக்கின வைக்கோல் கட்டும் அசையல. பின்ன ஏன் உறையுது? கேஸ் ஹீட்டர் ஓடுதா?"

"அது எங்க ஓடுது? உள்ளதான் புதுசா கரண்ட் ஹீட்டர் இருக்கே. ரூம் கதகதன்னு இருக்கு."

வெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதானே பார்த்தேன். கேஸ் ஹீட்டர் ரூமுக்கு மட்டுமா ஊதுது? தரைக்கு அடியில போற குழாய்க்கும் சேர்த்துத்தான் ஊதுது. ரூம் சூடா இருந்தா, வேலை முடிஞ்சுதுன்னு அது தூங்கிடும். மேல நீ கதகதன்னு இருக்க, கீழ குழாய் விறைச்சுச் சாகுது. பனியைப் பார்க்காத ஊர்க்காரங்க பண்ற தப்பு இது. முப்பது வருஷம் இங்க கிடந்தவ, நீ பண்ணலாமா?"

லோர்னா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கரண்ட் ஹீட்டரை அணைத்தாள். எதிர்த்துப் பேசாத லோர்னாவை வெண்டல் அதிகம் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் கேஸ் ஹீட்டர் உறுமத் தொடங்கியது. அவள் காப்பி கொண்டுவந்தாள். அவர் கீழ்ப்படியில் நின்றபடியே குடித்தார்.

"உள்ள வந்து உட்கார்ந்து குடிங்களேன்."

"பூட்ஸ் பூரா பனி. உன் கம்பளம் வீணாப் போயிடும்."

"என்னைக்கு என் கம்பளத்தைப் பத்திக் கவலைப்பட்டிருக்கீங்க?"

அவர் சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அடியில் புகுந்தார்.

நான்கு மணிக்குக் குழாய் இருமியது. பழுப்பாக ஒரு வாய் துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது.

"வந்துருச்சு," என்றாள் லோர்னா உள்ளேயிருந்து. "வந்துருச்சுங்க." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வெண்டல் பனியிலேயே உட்கார்ந்து, மெல்லிய சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டார். இனி அவள் போகமாட்டாள். தினமும் போகிற வழியில் அவளைப் பார்க்கலாம். கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இரண்டு கைகளிலும் தண்ணீர் கேனோடு இறங்கியவர் கிளேட்டன். தெற்கே லூசியானாவைச் சேர்ந்தவர், எண்ணெய் லாரி ஓட்டுகிறவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். அந்தக் குளிருக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய சட்டை.

"தண்ணி ஓடுற சத்தமா கேக்குது? கேன் தூக்கித் தூக்கி என் தோளே கழண்டுபோச்சுண்ணே." அவர் கேன்களைக் கீழே வைத்தார். "எனக்கும் இதைக் கத்துக்குடுங்க. எங்க ஊர்ல தண்ணி ஐஸாகுறது கிளாஸுக்குள்ள மட்டும்தான்."

லோர்னா வாசலுக்கு வந்தாள். இருவரையும் பார்க்காமல் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெண்டல் சாமான்களைப் பெட்டியில் அடுக்கியபடியே கிளேட்டனிடம் சொன்னார். "கேஸ் ஹீட்டரை மட்டும் நிறுத்திடாத. பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ இருக்கிற கதவைத் திறந்தே வை, சூடு உள்ள போகட்டும். படுக்கப் போகும்போது குழாயை நூல் மாதிரி ஒழுக விட்டுடு. ஓடுற தண்ணி லேசுல உறையாது. ஆனா கழிவுத் தொட்டி நிறையுதான்னு காலையில பாரு, இல்லன்னா வீட்டுக்குள்ள நீச்சலடிக்கணும்."

கிளேட்டன் பள்ளிக்கூடப் பையனைப் போல விரல்விட்டு எண்ணிக்கொண்டார். "கேஸ், கதவு, குழாய், தொட்டி. வேற ஏதாச்சும் தெரிஞ்சுக்கணுமாண்ணே?"

வெண்டல் பெட்டியை மூடினார். இரண்டடி நடந்தார், நின்றார்.

"கால் சில்லிட்டா அவ தூங்கமாட்டா, இருபத்திரண்டு வருஷம் நான்தான் தேய்ச்சுவிட்டேன், இனிமே நீ பார்த்துக்க தம்பி."