டாக்டர் நடக்கச் சொன்னார்

டிரைவர் பெரியவரை உயிரோடு பார்த்த கடைசி நாளில், அவர் சலூன் வாசலில் குடையை ஊன்றி நின்றுகொண்டு ஒரு பத்திரிகைக்காரனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் நாட்டின் முன்னாள் ஜனாதிபதி. சொந்தக் காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு, இந்த வயதில் எங்கும் நடந்தே போகிறீர்களே, இதுவல்லவா எளிமை என்று அந்தப் பையன் உருகிப்போனான்.

"எளிமையாவது கிளிமையாவது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கறேன். கசக்குதுன்னு மருந்தைத் துப்ப முடியுமா?"

சொல்லிவிட்டுக் காலை லேசாக இழுத்தபடி நடந்தார். டிரைவர் பின்னாலேயே போனார். கார் இல்லாத டிரைவரைப் பார்த்தால் தெருவுக்குத் தமாஷ். ஐயா இப்போது எத்தனையாவது கியரில் போகிறார் என்று செருப்புத் தைப்பவர் கேட்காத நாளில்லை.

டிரைவருக்கு அந்தக் கேலி உறைக்கவில்லை. அவர் கவலை வேறு.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவருடைய இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண் ஆஸ்பத்திரியில் இனித் திரும்பாது என்று கையை விரித்துவிட்டார்கள். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் தெரியாது என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் மகளின் நர்ஸ் படிப்பு பாதியில் நிற்கும். எப்படிச் சமாளிப்பது என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியவருக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. தினமும் காரைத் துடைப்பார், எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறுமவிடுவார், அப்புறம் பெரியவரோடு நடப்பார். பெரியவர் தன் பென்ஷனிலிருந்து கொடுக்கும் சம்பளம் தவறாமல் வந்தது.

ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். யாரை ஏமாற்றுகிறோம்?

பெரியவர் பதவியில் இருந்தபோது கட்டிய பாலம் ஒன்று விரிசல் விட்டது. மழையின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றார்கள் கூட இருந்தவர்கள். இவர் மைக்கைப் பிடித்து, என்ஜினியர் அந்த இடம் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், எத்தனை வருஷமாக லீவு கேட்டேன், ஜனங்கள்தான் ஒருவழியாகக் கொடுத்தார்கள் என்றார். சிலை வைக்கிறோம் என்று ஒரு குழு வந்தது. காக்கை உட்கார மரம் இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

வாயில் பொய் வராத மனுஷன். அவரிடம் போய் இப்படி நடிக்கிறோமே என்று டிரைவருக்குச் சோறு இறங்காது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயைத் திறந்து, கொட்டாவி விட்டு மூடியிருக்கிறார்.

சலூனிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, பெரியவரின் மனைவி பென்ஷன் ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. மருமகன் கார் சாவியைக் கொண்டுவந்து டிரைவர் கையில் வைத்தார். மாமாதான் நடந்து நடந்தே காலத்தைக் கழித்தார், இனிமேலாவது கார் ஓடட்டும், அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள் என்றார்.

டிரைவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரைப் பார்வையை நம்பி அம்மாவை ஏற்றுவதா, உண்மையைச் சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதா? மகளின் முகம் வந்து நின்றது.

"அவர் ஓட்ட வேண்டாம் மாப்பிள்ளை. டாக்சி சொல்லுங்க."

உள்ளேயிருந்து வந்த அம்மா சாவியை டிரைவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மருமகன் போன் பண்ணப் போனார். ஐயா போனதும் முதல் வெட்டு நமக்குத்தான் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். அப்படியும் ஒரு நப்பாசை.

"டாக்டர் சொன்னார்னு ஐயா நடந்தார், நானும் கூடவே நடந்தேன். அதுல ஓட்டற பழக்கம் விட்டுப்போயிருக்கும்னு நெனைக்கிறீங்களாம்மா?"

அம்மாவின் அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது.

"எந்த டாக்டர்ப்பா? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு கேட்டைத் தாண்டக்கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டார். தினமும் ஒத்தடம் கொடுத்த எனக்குல்ல தெரியும்."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ வண்டியோட இடது பக்கத்தை கேட்டுல உரசினியே, அன்னிக்கே உன் கண்ணைக் கண்டுபிடிச்சுட்டார். தோட்டத்துல ஏதாவது வேலை கொடுத்து வெச்சுக்கலாமேன்னு நான்தான் சொன்னேன். கேக்கலை. 'பதவி போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு ஒரு முன்னாள் போதும்'னுட்டார்."

காரை மருமகன் தன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷெட்டில் இப்போது விறகு கிடக்கிறது. வெயில் இறங்கியதும் அம்மா கடைக்குக் கிளம்புவார். வாசலில் நின்று, "டிரைவர், போகலாமா?" என்று கூப்பிடுவார்.