வரி போடாத பில்

டோரீன் கதவைத் திறந்ததும் கோர்டனும் பிப்பாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் மேஜையருகே வந்த பிறகுதான் கோர்டன் நிமிர்ந்து, "வாங்க டோரீன், டீ போடட்டுமா?" என்று தெளிவாகக் கேட்டார்.

"நான் கேக்கக் கூடாத விஷயம்னா அப்புறம் வர்றேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே," என்றாள் பிப்பா. சொல்லிவிட்டுக் கோர்டனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை டோரீனுக்கு அன்று முழுவதும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பிரஸ்டன் நகரில், சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் ஓர் அறக்கட்டளையில் டோரீன் கணக்காளர். இயக்குநர் கோர்டன் ஒரு குண்டூசி வாங்குவதானாலும் முதலில் அவளிடம் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை மதியம் மீனும் சிப்ஸும் வாங்கி வந்து அவள் அறையில்தான் பிரிப்பார்.

அதெல்லாம் பிப்பா நிர்வாக மேலாளராக வரும்வரை. இப்போது மீன் பொட்டலம் பிப்பாவின் அறையில் பிரிக்கப்படுகிறது. டோரீனையும் கூப்பிடத்தான் செய்வதாகப் பிப்பா சொல்கிறாள். "ரெண்டு தடவை கூப்பிட்டேன் டோரீன், நீங்க திரும்பவே இல்ல." வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று டோரீன் நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் பிப்பா ஒரு பில்லோடு வந்தாள். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சேவை. வருடத்துக்கு ஆறாயிரம் பவுண்டு.

"என்ன கண்ணு இது?"

"கூட்டத்துல யார் என்ன பேசினாலும் உடனே எழுத்தாக்கித் திரையில காட்டிடும். மினிட்ஸ் எழுதுற பாடு உங்களுக்கு மிச்சம்."

கூட்டத்தின் மினிட்ஸ் குறிப்பு எழுதுவது டோரீனின் வேலை. போன மாதம் இரண்டு தீர்மானங்கள் விட்டுப்போனது உண்மைதான். ஆளாளுக்கு வாய்க்குள்ளேயே முனகினால் யாரால் எழுத முடியும்? ஆக, இந்த வேலையையும் பிடுங்கியாகிவிட்டது.

"உள்ளூர்க் கம்பெனியைவிட இது மலிவு. வரியே போடல பாருங்க," என்றாள் பிப்பா. "இன்னும் கையெழுத்துப் போடல. நீங்க ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா தைரியமாப் போட்டுடுவேன்."

டோரீன் பார்த்தாள். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனி பில்லில் வாட் வரியைப் போடாது. அதற்காக வரியே இல்லை என்று ஆகிவிடாது. சேவையை வாங்குகிறவரே விற்றவரின் இடத்தில் நின்று இருபது சதவீதத்தைக் கணக்கிட்டு அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். வியாபாரக் கம்பெனிகள் அதைக் கழித்துக்கொள்ளலாம். காசு வாங்காமல் நோயாளியைப் பார்க்கும் இடத்துக்கு அந்த வழியில்லை, கட்டினால் கட்டியதுதான்.

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அப்போது வாசலில் கோர்டன் தலை தெரிந்தது. அவர் டோரீனைத் தாண்டிப் பிப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டார். பிப்பா சிரித்துத் தலையாட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியாச்சு. இதுல நான் பாக்க என்ன இருக்கு?" என்று டோரீன் பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அறங்காவலர் கூட்டத்தன்று சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள். பேசப் பேச எழுத்துகள் ஓடின. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். டோரீன் மட்டும் திரை கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

செலவுக் கணக்கு வந்ததும் அவள் எழுந்தாள். "இந்தச் சேவைக்கு நாமே வாட் கட்டணும். ஆயிரத்து இருநூறு பவுண்டு. பட்ஜெட்ல இல்ல. ஒரு நர்ஸோட ரெண்டு வாரச் சம்பளத்தைத் தூக்கித் திரைக்குக் கொடுத்துட்டோம்."

பிப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. டோரீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை மாதத்து எரிச்சல்.

"உங்களைக் கேக்காமலா வாங்கினாங்க?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பொருளாளர்.

"இப்பல்லாம் என்னை யார் கேக்குறாங்க?"

"அப்ப ரத்து பண்ணிடுங்க. இது இல்லாமலே இவ்வளவு காலம் கூட்டம் நடத்தலையா?"

கோர்டன் ஏதோ சொல்லப் போனார். பிப்பா அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். பிறகு டோரீனுக்கு முதுகைக் காட்டி, அறங்காவலர்கள் பக்கம் குனிந்தாள். மறுபடியும் அதே குசுகுசு. இவ்வளவு நடந்த பிறகும், எல்லோர் முன்னாலும்.

ஒவ்வொருவராக டோரீனைத் திரும்பிப் பார்த்தார்கள். யார் முகத்திலும் கோபமில்லை. பொருளாளர் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

என்ன சொல்லிக் கவிழ்க்கிறாள் இவள்? டோரீன் முதன்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தாள். பிப்பாவின் பேச்சு அங்கே வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னோடதுதான், வரியை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. ஆனா ரத்து மட்டும் பண்ணிடாதீங்க. டோரீனுக்குக் காது கேக்கல."