பம்ப் ஓடும் சத்தம்

ஆஸ்பத்திரி வாசலில் இளவெயில். அவன் கார்ச் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பின்சீட்டில் மனைவி; அவள் மடியில் முந்தாநாள் பிறந்த மகள் தூங்குகிறாள். வெளியே துணிப்பையோடு மாமனார். கல்யாணத்துக்கே வராத மனிதர், பேத்தி பிறந்ததைக் கேட்டு வந்திருக்கிறார். மருமகனிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் மகளிடம்தான் சொல்கிறார்: "பாதி மட்டும் திருப்பச் சொல்லும்மா. டேங்க்ல பம்ப் ஓடுதான்னு கேக்கணும்." அவன் திருப்புகிறான். அவர் பின்கதவைத் திறந்து சீட்டில் காதை வைக்கிறார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். குழந்தையின் மூச்சு மட்டும் மெல்லக் கேட்கிறது. "ஓடலை, சிக்கிக்கிட்டிருக்கு. பெட்ரோலே வரலை." செருப்பொன்றைக் கழற்றுகிறார், மண்டியிட்டுக் காருக்கடியில் கையை விட்டு அதால் டேங்கைத் தட்டுகிறார். "இப்பத் திருப்புங்க, மாப்பிள்ளை." அவன் விரல்கள் சாவியின்மேல் அப்படியே நிற்கின்றன. கண்ணாடியில் மனைவி அவனைப் பார்க்கிறாள். திருப்புகிறான். சீட்டுக்கடியில் மெல்லிய ரீங்காரம் எழுகிறது, என்ஜின் பிடித்துக்கொள்கிறது. மாமனார் முழங்கால் மண்ணைத் தட்டியபடி அவன் ஜன்னலருகே வருகிறார். "பம்ப்பை மாத்தணும். வழியில எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க." அவன் எட்டி முன்கதவைத் திறந்துவிடுகிறான். "ஏறுங்க, மாமா."