ரப்பரின் மறுமுனை

மாலை நாலு இருபது. ஐந்து மணிக்குள் படிவம் கோச்சின் போனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கையெழுத்தில்லாத படிவம் ஷைனியின் பையில் இருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் நான்கு மாதம். அதுவரை அப்பாவின் கையெழுத்து இல்லாமல் சர்ஃபிங் தேர்வுக்கு அவளைக் கடலில் இறக்க மாட்டார்கள்.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் பழனிவேலின் விளையாட்டுச் சாமான் கடை. கண்ணாடி மேசை மேல் மூன்று பொருள்களை அவர் எடுத்து வைத்திருந்தார். உருளை மேல் ஆடும் ஒரு பலகை. கயிறும் கப்பியும் வைத்த ஒரு கருவி. ஒரு கட்டு ரப்பர் பட்டைகள்.

"நெய்வேலில ஏது பாப்பா கடலு? மைன்ஸ்ல தண்ணி நிக்கிதே, அதுலயா வுடப்போற?"

ஷைனி சிரிக்கவில்லை. கடல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் இரண்டு பஸ் மாறி. மற்ற ஆறு நாளும் தரையில்தான் பழக வேண்டும்.

ஆடும் பலகையை அவளே ஒதுக்கினாள். அது நிற்பதற்கு. அவளுக்கு நிற்க வரும்.

அலை வரை போய்ச் சேரத்தான் வரவில்லை. பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரை வலித்துப் போக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் சாமியார்பேட்டைக் கடலில் பாதி வழியில் கைகள் நின்றுவிட்டன. மீன்பிடிப் படகு ஒன்று அவளை ஏற்றி வந்தது. சேதி கேட்டு அப்பா வேலை உடுப்போடு கரைக்கு வந்திருந்தார்.

அதன் பிறகு வீட்டில் யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. நேற்று அவரேதான் சொன்னார், கடைக்குப் போகலாம் என்று.

அப்பா பவுல்ராஜ் கப்பியை ஒருமுறை சுழற்றிப் பார்த்துத் தள்ளி வைத்தார். ரப்பரை எடுத்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற ஆள் அவர். இருபத்திரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட். பட்டையை மோந்து பார்த்தார். நகத்தால் கீறினார். இரண்டாக மடித்து, மடிப்பு வெளுக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கறுப்புப் பட்டையைத் தனியே எடுத்தார். இருப்பதிலேயே கடினமானது.

"இது அறுவாது. படு."

"இங்கயாப்பா?"

"பத்து நிமிஷம். நிறுத்தாம இழுத்துட்டின்னா கையெழுத்துப் போடுறேன். நடுவுல நின்னுட்டா, கடலு அத்தோட சரி."

எடை தூக்கும் பெஞ்சில் ஷைனி குப்புறப் படுத்தாள். பட்டையை மாட்ட ஆணியோ கொக்கியோ இல்லை. இரும்பு ராக்கைப் பவுல்ராஜ் பிடித்து ஆட்டினார்.

"அண்ணே, சாஞ்சிடும்ணே. கண்ணாடி இருக்கு" என்றார் பழனிவேல்.

"நான் புடிக்கிறேன்."

அவர் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பட்டையின் நடுப்பகுதியை இரண்டு உள்ளங்கைகளிலும் சுற்றிக்கொண்டு, பெஞ்சுக் காலில் பாதத்தை முட்டுக்கொடுத்தார். பழனிவேல் போனில் நேரத்தை ஓடவிட்டார்.

முதல் மூன்று நிமிடம் எளிதாகப் போனது. நான்காவதில் தோளுக்குள் சூடு ஏறியது. ஐந்தாவதில் மூச்சு தப்பியது.

"டீ சொல்லட்டுமா?" என்றார் பழனிவேல்.



ஷைனி கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனை கல்லில் கட்டியதுபோல் இருந்தது. ஒரு நூல்கூட அசையவில்லை. வேண்டுமென்றே கறுப்பை எடுத்திருக்கிறார். தோற்கத்தான் கூட்டி வந்திருக்கிறார்.

ஏழாவது நிமிடம் ரப்பர் இளகியது.

முதலில் தன் கைதான் என்று நினைத்தாள். இல்லை. இழுவை லேசாகிவிட்டது. அப்பா தளர்த்துகிறார். இரக்கப்படுகிறார். அது அவளுக்கு வலியைவிட மோசமாக இருந்தது.

"வுட்டுக் குடுக்காதப்பா. நல்லாப் புடி."

ரப்பர் ஒரு நொடி இறுகியது. மறுபடி இளகியது, இந்த முறை ஒரு பக்கம் மட்டும். பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து வெடுக்கென்று இறுகின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எட்டு. ஒன்பது. கைகள் அவளுடையவையாக இல்லை. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

போன் அடித்தது.

"ஆயிடுச்சு பாப்பா. வுடு, வுடு."

ஷைனி கண்ணைத் திறந்தாள். பட்டை முழுவதும் அப்பாவின் இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. சுற்றுக்கு நடுவே தோல் வெளுத்துப் பிதுங்கியிருந்தது. வலது கை அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. அவளைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

அவள் படிவத்தை எடுத்து நீட்டினாள். நாலு நாற்பத்தெட்டு.

பவுல்ராஜ் எழுந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கண்ணாடி மேசை மேல் வைத்தார். விரல்களுக்கிடையே பேனாவைச் செருகினார். கையெழுத்து எப்போதும்போல் நேராக விழுந்தது. அந்தக் கை எழுதும். மேலே தூக்கத்தான் வராது.

ஷைனி படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது.

"கறுப்பக் கட்டுங்க" என்றார் பவுல்ராஜ். "இருக்கறதுலயே லேசானது எது? அதுவும் ஒண்ணு போடுங்க."

"எனக்கு அது வேணாம்பா."

பழனிவேல் பை எடுக்க உள்ளே போனார். பவுல்ராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"பதினெட்டாந்தேதி எங்களுக்கு மெடிக்கலு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனாத்தான் மைன்ஸு கேட் பாஸு புதுசு பண்ணுவாங்க. அம்மாவுக்குத் தெரியாது." பட்டை சுற்றியிருந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "இன்னும் பதினோரு நாளு இருக்கு. லேசானத தெனம் இழுத்துகினே இருந்தா, கை மேல வருமா ஷைனி?"