இரும்பு பூக்கும் நேரம்

'கையும் களவுமாகப் பிடிக்கணும்னா சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க' என்று முடிந்திருந்தது அந்த மொட்டைக் கடுதாசி.

புகார்ப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்த வரதனுக்குச் சுருக்கென்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலை அது. ஸ்க்ராப் யார்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். தன் யார்டில் நடப்பதை எவனோ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

விஷயம் இதுதான். இரும்பு பிரிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி சின்னப்பொண்ணு, ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போவதில்லை. பிரித்துப் போட்ட இரும்பையே திரும்ப எடுத்து, சும்மா சும்மா கிரைண்டிங் வீலில் தேய்க்கிறாள். கரண்டு வீண், வீல் வீண். போதாததற்குச் சுவர் முழுக்கக் கிறுக்கல்.

எந்த இரும்பு எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால் சுழலும் வீலில் வைத்துப் பார்ப்பது வழக்கம். தெறிக்கிற பொறியைப் பார்த்தே ரகம் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு நொடி போதும். அதற்கு மேல் தேய்த்தால் கொழுப்பு என்பது வரதனின் கட்சி.

கான்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டால் நாளைக்கே அவளுடைய கேட் பாஸ் ரத்தாகிவிடும். இந்தப் பக்கத்து ஆரணியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். பாவம்தான். அதற்காகத் தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

ஆறு மணிக்கு ஷெட்டுக்குள் நுழைந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் சின்னப்பொண்ணு. திட்ட வாயெடுத்தவர், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அது கிறுக்கல் இல்லை. சாக்பீஸால் வரைந்த பொறிகள். பதினோரு விதம். ஒவ்வொன்றின் கீழும் அது என்னவாக இருந்த இரும்பு, எந்த ஊர் லாரியில் வந்தது என்று கொட்டை எழுத்தில் குறிப்பு. தையல் மிஷின் சக்கரம், தண்டவாளம், யார் வீட்டு ஜன்னலோ. கூடவே அவளே வைத்த பெயர்கள். கட்டடக் கம்பியின் பொறிக்கு நாணல். லாரி ஸ்ப்ரிங்குக்குத் தும்பை.

"இன்னாம்மா இதெல்லாம்?" குரலில் கோபத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நிமிசம் நில்லுங்க சார்" என்று டியூப்லைட்டை அணைத்தாள்.

முதலில் கம்பியை வைத்தாள். நீள நீளக் கோடுகளாகப் பொறி ஓடியது. அடுத்து லாரி ஸ்ப்ரிங்கை வைத்தாள். ஷெட்டே பூத்தது. ஒவ்வொரு கோடும் பாதி வழியில் வெடித்தது. வெடித்ததும் மறுபடி வெடித்தது. வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பூத்து உதிர்ந்தது.

பத்தொன்பது வருஷமாக இதே பொறியைப் பார்த்து, இது அந்தக் குவியல், அது இந்தக் குவியல் என்று கைகாட்டியவர், இன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

"ரெண்டும் இரும்புதானே சார்? இது பூக்குது, அது பூக்கல. ஏன் சார்?"

மெட்டலர்ஜி டிப்ளமா படித்தவர். இதுகூடவா தெரியாது? இரும்புக்குள்ளே கார்பன் கலந்திருக்கிறது, அதாவது கரி, அது சூட்டில் எரிந்து வாயுவாகி வெடிக்கிறது, ஸ்ப்ரிங்கில் அது அதிகம் என்று விளக்கினார்.

"கரின்னா? நம்ம அடுப்புக் கரியா?"

"அதேதான்."

சின்னப்பொண்ணு தன் கறுத்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"கரியா சார் இவ்ளோ வெள்ளையா பூக்குது?"

வரதன் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். ஆனால் இப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவள் ஒரு பழைய மோட்டார் மூடியை எடுத்து வீலில் வைத்தாள். வார்ப்பிரும்பு. குட்டையாகச் சிவப்புப் பொறி கொஞ்சம் வந்து அவிந்தது.

"அப்போ இதுல கரி கம்மியா சார்?"

"இல்லம்மா. இருக்கறதுலயே இதுலதான் கரி ஜாஸ்தி."

"அப்புறம் ஏன் சார் இது பூக்க மாட்டேங்குது?"

தெரியாது என்று ஒத்துக்கொள்ள வரதனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒத்துக்கொண்ட பிறகு, விநோதமாக, சந்தோஷமாகவும் இருந்தது. பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு நாளைக்கு வந்து சொல்வதாகச் சொன்னார்.

கிளம்பும்போதுதான் பாக்கெட்டிலிருந்த கடுதாசி ஞாபகம் வந்தது. அதை எடுத்து அவளிடம் காட்டினார்.

"எவனோ உன் வேலைக்கே உலை வச்சிருக்கான், பாரு. நீ கவலப்படாத. நம்ம யார்டுல எவன் இதை எழுதினான்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

"எவனும் இல்ல சார், நாந்தான். பூவப் பாக்க வாங்கன்னு மூணு தபா கூப்ட்டேன், வேலயப் பாருன்னு சொல்லிக்கினே பூட்டீங்க. புகாருன்னா ஓடியாருவீங்கன்னு தெரியும்."