மாடியில் நாற்பது பக்கெட்

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடியில இருக்கிற பக்கெட்டு எல்லாத்தையும் எடுத்துடு ரத்தினவேலு."

வீட்டு ஓனர் வெங்கடப்பன், படியேறி வந்த மூச்சு அடங்குமுன்பே சொல்லிவிட்டார்.

தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்த ரத்தினவேல் நிமிர்ந்தார்.

"எதுக்கு?"

"கூரை ஒழுகுது."

"எந்த வீட்டுல?"

வெங்கடப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். செடிகளைப் பார்த்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒழுகுதுன்னா ஒழுகுது. எடு. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணு."

வந்த வேகத்திலேயே இறங்கிப் போனார்.

ரத்தினவேலுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

ஒரு சென்ட் நிலம் இல்லாதவர் அவர். முப்பது வருஷத்துக்கு முன் சிவகங்கைப் பக்கமிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தவர். கம்பெனியில் யூனியன் வைத்தார். கம்பெனி அவரை வெளியே வைத்தது. இப்போது ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆனாலும் காய்கறி என்று கடை வாசலை மிதித்து இரண்டு வருஷமாகிறது. பெயிண்ட் பக்கெட், தெர்மாகோல் பெட்டி, சிமெண்ட் சாக்கு, எல்லாம் ஊரார் தெருவில் எறிந்தவை. அவற்றில்தான் தக்காளி, கத்தரி, அவரை, புதினா, நாலு வகைக் கீரை. விதை சொந்தம். எரு, அடுப்படிக் கழிவு. விலை ஏறட்டும், இறங்கட்டும், எவன் தயவும் அவருக்கு வேண்டாம். மிஞ்சுவதை அதே வரிசையில் இருக்கும் மற்ற ஆறு வாடகை வீட்டுக்கும் சும்மாவே கொடுப்பார்.

"பாட்டன் உழுத ராகிக் கொல்லையை லேஅவுட்காரனுக்கு வித்தவன் இந்த வெங்கடப்பன்," என்று மனைவி ராசாத்தியிடம் கத்தினார். "மண்ணை வித்தவனுக்குப் பக்கெட்டுல இருக்கிற மண்ணைப் பார்த்தாக்கூடக் கண்ணு உறுத்துது!"

"மெதுவா பேசுங்க. காலி பண்ணச் சொல்லிட்டா, நாப்பது பக்கெட்டோட நமக்கு எவன் வீடு கொடுப்பான்?"

"அதுதான்டி அவன் பலம். ஒண்ட இடமில்லாதவன் வாயைத் திறக்க மாட்டான்னு நெனைப்பு. நான் திறப்பேன்."

உட்கார்ந்து மனு எழுதினார். 'உழைப்பவன் சோற்றுத் தட்டில் கை வைக்காதே' என்று தலைப்பு. ஆறு வீட்டுக் கையெழுத்தோடு ஓனர் முகத்தில் வீசுவதாகத் திட்டம். அதற்கு முன் ஆதாரம் வேண்டும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீடு முனிலட்சுமியுடையது. கூரையின் நாலு மூலையிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

"ஒழுகுதாம்மா?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப ஒரு கையெழுத்துப் போடு."

"அடுப்புல பால் இருக்குண்ணா," என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

அடுத்த வீட்டு ராஜேஷ்குமார் பேனாவை வாங்கினான். மனுவைப் படித்தான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"கம்பெனி பஸ் போயிடும்ண்ணா."

"கையெழுத்துப் போட எத்தனை நேரம்டா ஆகும்?"

அவன் ஓடியே போய்விட்டான்.

மூன்றாவது வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது. தட்டியதும் டிவி நின்றது, கதவு திறக்கவில்லை. அடுத்த இரண்டு வீட்டிலும் கூரை காய்ந்திருந்தது. கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

வராண்டாவில் நின்று வெடித்தார்.

"கீரை வாங்க நீண்ட கை, கையெழுத்துக்கு நீளலையா? இவ்வளவு பயமா அந்த ஆளுகிட்ட? உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தான் நான் அன்னைக்குக் கம்பெனி கேட்ல நின்னேன். நடுத்தெருவுல விட்டீங்க. இன்னைக்கும் அதே புத்தி!"

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. ரஞ்சிதா. நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆகியும் யூனிபார்மோடுதான் நின்றாள்.

"வா. நீயாவது உண்மையைச் சொல்லு. உன் வீட்டுல ஒரு சொட்டு ஒழுகுதா?"

"இல்லண்ணா. கூரையிலயும் இல்ல, குழாயிலயும் இல்ல."

"அதுவும் அவன் பண்ற அநியாயம்தானே! ஒழுங்கா மோட்டார் போடறதில்ல."

"போடறாருண்ணா. அஞ்சு மணிக்கெல்லாம் டேங்க் ரொம்பிடுது. ஆறு மணிக்கு நீங்க அதுல ஓஸைச் சொருகி நாப்பது பக்கெட்டுக்கும் விட்டுடறீங்க. ஏழரைக்கு வர்ற எனக்கும் சரி, மத்த வீட்டுக்கும் சரி, குழாயில காத்துதான் வருது. நீங்க கொடுக்கிற கீரையைக் கழுவக்கூடத் தண்ணியில்லண்ணா."

ரத்தினவேல் டார்ச்சை அணைத்தார். குரல் தணிந்தது.

"இதை... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க பேச ஆரம்பிச்சா நாங்க எங்கண்ணா பேசறது? அதான் ஆறு வீடும் சேர்ந்து ஓனர்கிட்ட மனு எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் படிச்சாரு. எங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டுட்டாரு."

"கிழிச்சானா!" போன குரல் அவருக்குத் திரும்பி வந்தது. "பார்த்தியா அந்த ஆளோட திமிரை? ஆறு குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவை..."

"முழுசா கேளுங்கண்ணா. 'இது ரத்தினவேலு கண்ணுல பட்டா, கீரை கொடுத்த வீடெல்லாம் தன்மேலயே புகார் சொல்லுச்சேன்னு மனசு உடைஞ்சுடுவான். அப்புறம் ஒரே வராண்டாவுல நீங்க எப்படி முகம் பார்த்துக்குவீங்க? கூரை ஒழுகுதுன்னு நான் சொல்லிக்கறேன், திட்டறதா இருந்தா என்னையே திட்டிட்டுப் போகட்டும்'னு சொல்லிட்டுத்தான் கிழிச்சாரு."