சர்க்கரை தீர்ந்த பிறகு

ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரு பாக்டீரியா வாழ்ந்தது. சர்க்கரை கொட்டிக் கிடந்தபோது அள்ளி அள்ளித் தின்றது. மிஞ்சிய புளிப்பான அசிட்டேட்டை வாசலுக்கு வெளியே தள்ளியது.

சர்க்கரை தீர்ந்ததும் பசி எடுத்தது. சர்க்கரை இருந்தவரை மூலையில் கையைக் கட்டிப் போட்டிருந்த நொதியை அவிழ்த்து வாசலுக்கு அனுப்பியது.

"உள்ளே வாம்மா," என்றது நொதி.

"குப்பைன்னு தள்ளினீங்களே," என்றது அசிட்டேட்.

"என்னையும்தான் வேலைக்கு ஆகாதுன்னு கட்டிப் போட்டிருந்தாங்க. வா, பாவம், பாக்டீரியா உள்ளே பட்டினி கிடக்குது."

அசிட்டேட் வந்தது. மிச்சமிருந்த கொஞ்சம் சக்தியையும் செலவழித்து, நொதி அதைச் சாப்பாடாக மாற்றியது. பாக்டீரியா பிழைத்துக்கொண்டது.

மறுநாள் மறுபடி சர்க்கரை வந்தது. பாக்டீரியா கயிற்றோடு வந்து, முகத்தைப் பார்க்காமல் நின்றது.

"ரொம்ப இறுக்காதே. அவிழ்க்கிறப்போ உனக்குத்தான் கஷ்டம்," என்று நொதி கையை நீட்டியது.